"பழக்கத்தை விட்டுவிட்டு வா" என்று திருப்பி அனுப்பலாமா?

என் உறவினர் ஒருவரின் மகனுக்குப் பத்தொன்பது வயது. இரவெல்லாம் தூக்கமில்லை, காதில் குரல் கேட்கிறது என்பான். கஞ்சாப் பழக்கமும் இருந்தது. மனநலப் பிரிவில், "முதலில் பழக்கத்தை நிறுத்தட்டும்" என்றார்கள். போதை மீட்பு மையத்தில், "இது மனநோய், இங்கே சேர்க்க முடியாது" என்றார்கள். அவன் அம்மா ஓ.பி. சீட்டை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினார்.

இப்படி அலைக்கழிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைப் பாதிப்புகளையும் 'மனநோய்' என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் இடங்களில் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது 18ஆம் பிரிவு. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது இலவசம். அதற்கான அட்டை கையில் இல்லாவிட்டாலும் இலவசம்தான். தினமும் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அப்படியிருக்க, நிறுத்திவிட்டு வரச் சொல்வது ஆபத்தான யோசனை.

பதினெட்டு வயது நிரம்பாதவர்களை உள்நோயாளியாகச் சேர்க்க 87ஆம் பிரிவில் தனி விதிகள் உண்டு. ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாகப் பரிசோதித்து, சேர்ப்பது அவசியம் என்று முடிவு செய்ய வேண்டும். பெரியவர்களோடு ஒரே இடத்தில் தங்க வைக்கக் கூடாது. பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ, அவர்கள் நியமிக்கும் ஒருவரோ முழு நேரமும் கூட இருக்க வேண்டும். சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். சங்கிலியால் கட்டுவது எந்த வயதினருக்கும் தடை. "பெற்றோர் வர வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் மையத்தில் சிறுவர்களை விடாதீர்கள்.

போலீஸுக்குப் பயந்து பலர் மருத்துவரிடமே கஞ்சாவை மறைக்கிறார்கள். மறைத்தால் மருந்தே தவறாகிப்போகும். நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. போதைப்பொருள் உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு இருந்தாலும், அடிமைப்பட்டவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற இடத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்கு கிடைக்கும் என்கிறது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு. பாதியில் விட்டால் அந்த விலக்கு பறிபோகலாம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழையுங்கள். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. போதைப் பழக்கத்துக்கென்றே உள்ள தேசிய உதவி எண் 14446. எதை அழைத்தாலும் குரல் கேட்பதையும் கஞ்சாவையும் சேர்த்தே சொல்லுங்கள்.