ஷேட் கார்டில் ஒரு நிறம், சுவரில் வேறு நிறம்

என் படிக்கும் அறைக்கு டெரகோட்டா அடிக்க ஆசைப்பட்டேன். ஷேட் கார்டின் சின்னக் கட்டத்தில் அது புதுப்பானை நிறத்தில் இருந்தது. இரண்டாவது கோட் காய்ந்ததும் பார்த்தால், காவிக்கல்லைக் குழைத்துப் பூசியது போல அடர்ந்துவிட்டது. டப்பா மாறிவிட்டதோ என்று பெயிண்டரைக் கேட்டேன். "அதே நம்பர்தான் சார். நாலு சுவரும் அடிச்சா ஒரு படி ஏறத்தான் செய்யும்" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

முதலில் அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். சென்னையின் கொசப்பேட்டை அகல்விளக்கு, அங்குள்ள உயர் நீதிமன்றத்தின் செங்கல், கோலத்தைச் சுற்றி இழுக்கும் காவி, பழைய வீடுகளின் ரெட் ஆக்சைடு தரை எல்லாவற்றுக்கும் நிறம் தருவது இரும்பு ஆக்சைடுதான். டெரகோட்டா பெயிண்டிலும் பெரும்பாலும் அதுவே. வெள்ளை ஒளி பட்டால் நீலத்தையும் பச்சையில் பெரும்பகுதியையும் விழுங்கிவிட்டு, சிவப்பையும் ஆரஞ்சையும் திருப்பி அனுப்பும். களிமண்ணில் இருக்கும் மஞ்சள் இரும்புத் தாதுவில் நீர் கலந்திருக்கும். சுமார் 300 டிகிரி செல்சியஸில் அந்த நீர் வெளியேறி, ஹேமடைட் என்ற சிவப்புத் தாதுவாகிறது. மங்கலான மண் சூளையிலிருந்து சிவந்து வருவதற்கு இது முக்கியமான காரணம். சூளையை மூடிப் புகையவிட்டால், அதே மண் கறுப்புச் சட்டியாகும்!

சரி, சுவரில் ஏன் அடர்ந்தது? கார்டில் பட்ட ஒளி ஒரே ஒரு முறை பட்டுக் கண்ணுக்கு வந்துவிடுகிறது. அறைக்குள் அப்படியில்லை. ஒரு சுவரில் பட்டது எதிர்ச்சுவருக்குப் போய், அங்கிருந்தும் திரும்புகிறது. ஒரு கணக்குக்கு, சுவர் சிவப்பில் 60 சதவீதத்தையும் நீலத்தில் 15 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை பட்டால் சிவப்பு நீலத்தைப் போல 4 மடங்கு. இரண்டு முறை பட்டால் சிவப்பு 36, நீலம் இரண்டேகால். அதாவது 16 மடங்கு. ஒவ்வொரு முறை பட்டுத் திரும்பும்போதும் ஒளி குறைகிறது, சிவப்பு ஏறுகிறது. இரண்டு சுவர் சேரும் மூலையில் உற்றுப் பாருங்கள், நிறம் அங்கேதான் கனமாக இருக்கும்.

விளக்கும் விளையாடும். விளக்கொளியின் நிறத்தை கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். நம் வீடுகளில் பலரும் போடும் 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட்டில் நீலம் அதிகம். அதைச் சுவர் விழுங்கிவிடுவதால் நிறம் சோர்ந்து பழுப்படிக்கும். 3000 கெல்வின் மஞ்சள் பல்பு போட்டால் அதே சுவருக்கு உயிர் வந்துவிடும். அதனால் சாம்பிளை மூலையில், இரண்டு சுவரிலும் சேர்த்து அடித்துப் பாருங்கள். பகலில் ஒரு முறை, அப்புறம் ராத்திரி உங்கள் விளக்கில் ஒரு முறை.

நான் ஒரு படி வெளிர் நிறத்துக்கு மாறினேன். சீலிங்கை வெள்ளையாகவே விட்டேன். மாலை நாலு மணி வெயில் மேற்கு ஜன்னல் வழியாக வந்து சுவரில் விழும்போது, அந்த வெள்ளைச் சீலிங்கிலும் லேசாகச் செம்மண் படர்கிறது.