பொம்மை கவுனில் முத்து வைக்காதீர்கள்

என் தையல் கடையில் கட்டிங் மேசைக்குக் கீழே ஒரு சாக்குப் பை கிடக்கும். வெட்டுத்துணி எல்லாம் அதில்தான் போகும். ரவிக்கைக்குப் போக மிஞ்சிய பட்டு, சுடிதார் கைத்துண்டு, ஆல்டர் செய்யும்போது பிரித்த லேஸ். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் தெருவில் உள்ள அம்மாக்கள் வந்து, "அக்கா, பாப்பாவோட பொம்மைக்கு ஒரு கவுன் தைக்கணும், கொஞ்சம் துணி தாங்க" என்று கேட்பார்கள். அள்ளித்தான் கொடுப்பேன். ஆனால் இந்த நான்கு வருடமாக, துணியோடு சில விஷயங்களையும் சொல்லி அனுப்புகிறேன்.

காரணம் என் தங்கை மகள். அப்போது அவளுக்கு இரண்டு வயது. சின்னதாகிப் போன அவளுடைய பட்டுப்பாவாடையை வெட்டி, அவள் பொம்மைக்குக் கவுன் தைத்துக் கொடுத்தேன். கழுத்தைச் சுற்றி ஒன்பது முத்து. எல்லாவற்றையும் ஒரே நூலில் கோத்துத் தைத்திருந்தேன். மூன்றாம் நாள் எட்டு முத்துதான் இருந்தது, அதுவும் அறுந்த நூலில் தொங்கிக்கொண்டு. ஒன்பதாவது முத்து அவள் மூக்குக்குள். காது மூக்கு தொண்டை மருத்துவர் கொக்கி போன்ற ஒரு கருவியை விட்டு எடுத்துவிட்டார். வீட்டில் நோண்டாமல் தூக்கிக்கொண்டு வந்தது நல்லது, உள்ளே தள்ளியிருந்தால் மூச்சுக்குழாய்க்குப் போயிருக்கலாம் என்றார்.

முத்தை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுத் தைக்க வேண்டும், ஒரே நூலில் ஓட்டினால் ஓர் இடத்தில் அறுந்தாலும் அத்தனையும் கழன்றுவிடும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கடை வைப்பதற்கு முன்னால் திருப்பூரில் குழந்தை உடுப்பு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் செக்கிங்கில் இருந்தேன். அங்கே ஒரு ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்திவிடுவார்கள். உடைந்த துண்டுகளைத் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் செல்லோடேப் போட்டு ஒட்டி, முழு ஊசியும் கணக்கில் வந்த பிறகுதான் புது ஊசி கொடுப்பார்கள். முனை கிடைக்கவில்லையா, அந்த மெஷினைச் சுற்றியிருக்கும் பீஸ் எல்லாம் தனியே போகும், மெட்டல் டிடெக்டரில் ஓடும். பட்டனை இழுத்துப் பார்க்கத் தனிக் கருவியே உண்டு. பொம்மைகளுக்கான ஐரோப்பியத் தர விதி ஈஎன் 71, 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட உதிரியை 90 நியூட்டன் விசையில் இழுக்கச் சொல்கிறது. ஒன்பது கிலோ அரிசி மூட்டையை அந்தப் பட்டனில் தொங்கவிடுவது மாதிரி.

நம் நாட்டிலும் 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கடையில் வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் தைக்கிற கவுனுக்கு அப்படி யாரும் முத்திரை குத்துவதில்லை. தைக்கிறவரேதான் செக்கிங்கும் பார்க்க வேண்டும்.

முதலில் துணி. பிறந்த குழந்தையை நாம் பழைய வேட்டியில்தான் சுற்றுகிறோம், தூளி கட்டுவதும் பழைய நூல் புடவையில்தான். பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பருத்திக்கு ஈடு கிடையாது, பொம்மைத் துணிக்கும் அதுவே நல்லது. ஆனால் புடவையில் எல்லா இடமும் ஒன்றல்ல. கொசுவம் தரையில் உரசும் இடம் நைந்திருக்கும். இடுப்பில் செருகும் உள்பக்கம் பெரும்பாலும் சாயம்கூடப் போகாமல் இருக்கும், அங்கே வெட்டுங்கள். சட்டை என்றால் காலரும் முழங்கையும் வேண்டாம், முதுகுப் பக்கம் நல்ல துணி. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். இரண்டு கட்டைவிரலாலும் இழுக்கும்போது இழை விலகினால் அது கரித்துணிக்குத்தான் ஆகும்.

பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்த துணியை அப்படியே எடுத்துத் தைத்துவிடாதீர்கள். இதை நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை. நாப்தலீன் அந்துருண்டையின் ஆவி துணியில் ஊறியிருக்கும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அந்தக் குறைபாடு இருப்பதே பல வீடுகளில் தெரியாது. சோப்புப் போட்டுத் துவைத்து, வாசனை சுத்தமாகப் போகும்வரை வெளியில் காற்றாட உலர்த்துங்கள். போகவில்லை என்றால் அந்தத் துணி பிள்ளைகள் பக்கமே வர வேண்டாம். சாயம் போகிறதா என்று பார்க்க, ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தால் போதும். வெள்ளையில் நிறம் ஏறினால் அது குழந்தையின் நாக்கிலும் ஏறும்.

ஜரிகைக் கரையைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். வெட்டிய இடத்தில் ஜரிகைக் கம்பி பிரிந்து குத்தும், அதனால் கைப்பிள்ளைக்கு வேண்டாம். கொலுவில் நிற்கும் மரப்பாச்சிக்கு உடுத்துவது வேறு. ஜரிகை, சமிக்கி, முத்து எல்லாம் போட்டு ஜோடிக்கலாம். கொலு முடிந்ததும் மரப்பாச்சியைக் குழந்தையிடம் விளையாடக் கொடுக்கும் வீடாக இருந்தால், உடுப்பை மட்டும் மாற்றிக் கொடுங்கள்.

தையலைப் பொறுத்தவரை ஒரு சுலப வழி சொல்கிறேன். புடவையின் சாதாக் கரையையே கவுனின் கீழ்விளிம்பாக வைத்து வெட்டுங்கள். மடித்து அடிக்க வேண்டியதில்லை, தடிப்பும் வராது, பிசிறும் வராது. இடுப்புச் சுற்றளவைப் போல இரண்டு மடங்கு துணி எடுத்தால் சுருக்கம் அழகாக விழும். பழைய துணி சீக்கிரம் பிரியும் என்பதால், தையலுக்கு அரை இஞ்சு விட்டு இரட்டைத் தையல் போட்டு, அப்புறம் ஓரத்தைக் கத்தரியுங்கள். பனியன் துணி என்றால் மெஷினில் பால் பாயிண்ட் ஊசி மாட்டுங்கள், சாதா ஊசி இழையை அறுத்து ஓட்டை போட்டுவிடும்.

உள்பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று பிசிறை விட்டுவிடக் கூடாது. குழந்தைகள் பொம்மையின் கவுனுக்குள் விரலை நுழைத்துக்கொண்டே தூங்கும். தொங்கும் நூல் விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கிவிடும். நைலான் நூல் இதில் ரொம்ப மோசம், கண்ணுக்கே தெரியாது. பருத்தி நூலில் தைத்து, உள்பக்கத்தைத் திருப்பி வைத்து ஒவ்வொரு நுனியையும் ஒட்ட வெட்டுங்கள்.

மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் பட்டன், பிரஸ் பட்டன், ஊக்கு, முத்து எதுவுமே வேண்டாம். பொம்மையிலிருந்து கழன்று வரும் உதிரியைச் சோதிக்கும் குழாயின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் அடங்குவது எல்லாம் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கணக்கு. நம் பத்து ரூபாய் நாணயமே 27 மில்லிமீட்டர்தான். பெரிய பட்டன்தானே என்று நீங்கள் நினைப்பதும் அந்தக் குழாயில் அடங்கிவிடும். பட்டனுக்குப் பதிலாக முதுகை முழுக்கத் திறந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி விட்டு, துணி நாடா வைத்துக் கட்டலாம். நாடா ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது. சின்னக் குழந்தைகளின் பொம்மைக் கயிற்றுக்குத் தர விதி சொல்லும் 220 மில்லிமீட்டரும் கிட்டத்தட்ட ஒரு சாண்தான்.

பழைய கைப்பையிலிருந்து காந்த பட்டனைப் பிரித்து பொம்மைக் கோட்டுக்கு வைத்திருந்ததை ஒரு வீட்டில் பார்த்தேன். மாட்டக் கழற்ற வசதிதான். இரண்டு காந்தத்தைக் குழந்தை விழுங்கினால், அவை குடலின் இரண்டு மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்து நசுக்கி, குடலில் ஓட்டையே போட்டுவிடும். அறுவை சிகிச்சை வரை போகும். நான் அங்கேயே உட்கார்ந்து பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

தைக்க உட்காரும் முன் குண்டூசிகளை எண்ணி வையுங்கள், எழும்போதும் எண்ணுங்கள். முடிந்த கவுனை ஈரமாக்கி முறுக்கிப் பிழிந்து பாருங்கள், தையல் விடுகிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

தங்கை மகளுக்கு இப்போது ஆறு வயது. போன லீவுக்கு வந்தவள் சாக்குப் பையைக் கவிழ்த்து, மாம்பழ நிறத்தில் ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். கவுன் தைத்து முடித்ததும், "கழுத்துக்கு, பெரியம்மா?" என்றாள். வெள்ளை எம்ப்ராய்டரி நூலில் முடிச்சுத் தையல் போட்டேன், பிரெஞ்ச் நாட் என்பார்களே, அது. தூரத்திலிருந்து பார்த்தால் முத்து மாதிரியே இருக்கும். ஒன்பது முடிச்சு. ஒவ்வொன்றையும் நகத்தால் கிள்ளி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பொம்மைக்கு மாட்டினாள்.