இம்பீச்மென்ட்: பதவி நீக்கம் அல்ல

2019 டிசம்பரில் டிரம்ப் மீதான 'இம்பீச்மென்ட்' அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிய மறுநாள், "அப்படியானால் இப்போது அங்கே யார் அதிபர்?" என்று எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது. அவர் படித்த செய்தியில் 'பதவி நீக்கம்' என்றுதான் இருந்தது.

'இம்பீச்மென்ட்' என்ற சொல்லின் வேர் காலில் இருக்கிறது. லத்தீனில் 'பெடிகா' என்றால் கால்தளை. அதிலிருந்து பிறந்த 'இம்பெடிகாரே' தளையிட்டு நிறுத்துவதைக் குறித்தது. பிரெஞ்சுக்குப் போனபோது அது 'தடுத்தல்' என்றானது; இன்றைய பிரெஞ்சிலும் அந்தப் பொருள் அப்படியே இருக்கிறது. ஆங்கிலச் சட்டமொழிதான் அதற்குக் 'குற்றம் சாட்டுதல்' என்ற பொருளைக் கொடுத்தது. (பீச் பழத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.)

1376இல் இங்கிலாந்தின் மக்களவை, அரசருக்கு நெருக்கமான லாட்டிமர் பிரபு மீது குற்றம் சுமத்திப் பிரபுக்கள் அவையில் நிறுத்தியது. கீழவை சாட்டும், மேலவை விசாரிக்கும் என்ற அந்த முறையை 1787இல் அரசமைப்பை எழுதிய அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். இங்கிலாந்தில் இதனால் தலையே போனதுண்டு. அமெரிக்காவில் பதவி பறிபோகும், இனிப் பதவி வகிக்கத் தடையும் வரலாம். அங்கே மேலவையான செனட் அதற்குமேல் தண்டிக்க முடியாது. எதற்காகச் சாட்டலாம் என்பதில் வாக்குவாதம் நடந்தது. தேசத்துரோகம், லஞ்சம் ஆகியவற்றோடு 'நிர்வாகச் சீர்கேடு' என்பதையும் சேர்க்கச் சொன்னார், அரசமைப்பை எழுதியவர்களில் ஒருவரான ஜார்ஜ் மேசன். அவ்வளவு தெளிவற்ற சொல்லை வைத்தால் செனட் விரும்பும்வரைதான் அதிபர் நீடிப்பார் என்று இன்னொருவரான மேடிசன் மறுத்தார். கடைசியில் இடம்பெற்றது 'பெருங்குற்றங்களும் தீயொழுக்கங்களும்' என்ற தொடர். அதுவும் அப்படியொன்றும் தெளிவாக இல்லை என்பது வேறு கதை.

ஆக, பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்றுவது குற்றச்சாட்டு மட்டுமே. பதவி போக வேண்டுமானால் விசாரணைக்குப் பின் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 1868இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் மீதான விசாரணையைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்ததால் பார்வையாளர் மாடத்துக்கு டிக்கெட் அச்சடிக்க வேண்டியிருந்தது. மே 16ஆம் தேதி 54 உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். குற்றவாளி என்றவர்கள் 35 பேர், இல்லை என்றவர்கள் 19 பேர். தேவை 36. ஒரே ஒரு வாக்கில் ஜான்சன் தப்பினார். 1998இல் குற்றம் சாட்டப்பட்ட கிளின்டனும், இருமுறை சாட்டப்பட்ட டிரம்பும் தப்பினார்கள். இதனால் பதவியிழந்த அமெரிக்க அதிபர் ஒருவர்கூட இல்லை. நிக்சன் சபை வாக்கெடுப்புக்கு முன்பே 1974இல் விலகிவிட்டார். டிரம்ப் மீதான இரண்டாவது விசாரணை 2021 பிப்ரவரியில், அவர் பதவியை விட்டு இறங்கிய பின் நடந்தது. இல்லாத பதவியிலிருந்து யாரை நீக்குவது?

தமிழில் குழப்பம் நம் ஊர் வழக்கத்திலிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன். இந்திய அரசமைப்பின் 61ஆம் பிரிவின்படி, குடியரசுத் தலைவர் மீது நாடாளுமன்றத்தின் ஓர் அவை சாட்டும் குற்றச்சாட்டு மெய்யென மற்ற அவை மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையில் தீர்மானித்தால், அந்தத் தீர்மானமே அவரை நீக்கிவிடும். இங்கே இம்பீச்மென்ட்டும் பதவி நீக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

சரியான தமிழ் எது? 'கண்டனத் தீர்மானம்' வேறொன்று. அதனால் யாருடைய நாற்காலியும் ஆடாது. 'பழிசாட்டுதல்' பொருளளவில் நெருக்கம்தான், ஆனால் 'பழி' என்றதுமே 'வீண்பழி' நினைவுக்கு வருகிறது. 'பதவிநீக்கக் குற்றச்சாட்டு' என்பதே என் தேர்வு. சற்று நீளம்தான், ஆனால் நடந்தது குற்றச்சாட்டு, நோக்கம் பதவிநீக்கம் என்று இரண்டையும் சொல்கிறது. அந்த 2019 தலைப்பை 'டிரம்ப் மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டு. செனட்டில் இனி விசாரணை' என்று போட்டிருந்தால், பெரியவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்.