நான் ஓபன் டைப், மேடம்!

போன வாரம் மட்டும் மூன்று பேர். மூன்று பேரும் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "நான் ஓபன் டைப், மேடம். உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு வச்சுப் பேசத் தெரியாது." மூன்றாவது ஆள் சொன்னபோது, பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய் ஒரு காபி குடிக்கலாமா என்று இருந்தது. பதினேழு வருடமாக மனநல ஆலோசனை பார்க்கிறேன். இந்த வாக்கியத்தோடு வருகிறவர் அநேகமாக யாரிடமோ பேச்சுவார்த்தை நின்றுபோன நிலையில்தான் வருவார்.

அந்த மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்கிறேன். எழுதலாமா என்று கேட்டுக்கொண்டேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பதைத் தாண்டியவர், சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். தங்கை மகளுக்குக் காதுகுத்து. சீர்த்தட்டோடு போன இடத்தில், சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் தங்கையைப் பார்த்து, "காசு வந்ததும் கண்ணு தெரியலையா உனக்கு?" என்று கேட்டுவிட்டார். அதோடு எட்டு மாதமாகப் போக்குவரத்து இல்லை. "உண்மையைத்தானே சொன்னேன்?" என்கிறார்.

"சரி, அந்த நேரத்தில் உங்களுக்கு உள்ளே என்ன இருந்தது?"

"கோபம்தான்."

"கோபம் வருவதற்கு முன்னால்?"

"கடுப்பு."

"அதற்கும் முன்னால்?"

பதில் இல்லை. வண்டிச் சாவியை மேசை மேல் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். அப்புறம் சாவியைப் பார்த்தபடியே சொன்னார்: "பத்திரிகை அடிச்சு வந்த பிறகுதான் எனக்குத் தேதியே தெரியும், மேடம். என் மடியிலதானே பிள்ளையை உட்கார வைக்கணும்? ஒரு வார்த்தை கேட்கலையே."

உள்ளே இருந்தது இதுதான். வெளியே வந்ததோ தங்கையின் காசைப் பற்றிய பேச்சு. இப்போது சொல்லுங்கள், உள்ளே ஒன்று வெளியே ஒன்று வைத்துப் பேசியவர் யார்?

இதைத்தான் தலைபாடாக அடித்துக்கொள்கிறேன். பட்டென்று பேசுவது வேறு, உள்ளதைப் பேசுவது வேறு. பட்டென்று வருவது பெரும்பாலும் அடுத்தவரைப் பற்றிய தீர்ப்பு: நீ திமிர் பிடித்தவள், நீ சுயநலக்காரன், உனக்கு நன்றி கிடையாது. அதில் சொல்பவரைப் பற்றி ஒரு சொல்கூட இருக்காது. "எனக்கு அவமானமாக இருந்தது", "என்னை மறந்துவிட்டார்களோ என்று பயந்தேன்" என்று சொல்லத்தான் துணிச்சல் வேண்டும். அது தெரியாமல், வாயில் வந்ததைக் கொட்டிவிட்டு, வெளிப்படையான மனிதர் என்று தனக்குத் தானே சான்றிதழ் கொடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த ஓபன் டைப் ஆட்கள் மேலதிகாரியிடம் ஓபனாக இருந்து நான் பார்த்ததில்லை. பெண்டாட்டி, தங்கை, கடைப் பையன், இவர்களிடம்தான்.

"கொட்டிவிட்டால் மனசு லேசாகும்" என்பது அடுத்த நம்பிக்கை. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் இதைச் சோதித்துப் பார்த்தார். கோபமூட்டப்பட்ட மாணவர்களில் ஒரு பிரிவினர் கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப் பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். முடிவில் அதிகக் கோபத்தோடு இருந்தவர்கள் குத்தியவர்கள்தான். அதற்காக வாயைப் பொத்திக்கொண்டு விழுங்கச் சொல்லவில்லை. முழுங்கி முழுங்கி, நெஞ்சு படபடக்கிறது என்று ஈசிஜி எடுத்து, ஒன்றுமில்லை என்று கேட்டு, கேஸ் மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வருகிறவர்களும் இருக்கிறார்கள். (நெஞ்சுவலி என்றால் ஈசிஜிதான் முதலில். மனசு சம்பந்தப்பட்டதாக இருக்கும் என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டு நேராக என்னிடம் வராதீர்கள்.)

கொட்டுவதற்கும் விழுங்குவதற்கும் நடுவில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உள்ளே இருப்பதற்குச் சரியான பெயர் வைப்பது. உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது மூளையில் அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு குறைவதை 2007-இல் அமெரிக்க உளவியலாளர் மேத்யூ லிபர்மனின் குழு ஸ்கேனில் பார்த்திருக்கிறது. ஆனால் என் அறையில் கேட்கும் பெயர்கள் மொத்தமே மூன்று: டென்ஷன், கடுப்பு, ஒரு மாதிரி. தொல்காப்பியர் மெய்ப்பாடு, அதாவது உடம்பில் தெரியும் உள்ளத்து உணர்ச்சி, எட்டு என்று எண்ணி, ஒவ்வொன்றும் நான்கு காரணத்தில் பிறக்கும் என்று முப்பத்திரண்டாகப் பிரித்து வைத்த மொழி இது! ஆதங்கம், ஏக்கம், மனத்தாங்கல், பொருமல், குமைச்சல் என்று நம் பாட்டிமார் வாயில் சாதாரணமாகப் புழங்கிய சொற்கள் எங்கே போயின? ஆதங்கம் என்று தெரிந்தால், தங்கையிடம் போய்ச் சொல்லலாம். கடுப்பு என்று மட்டும் தெரிந்தால் கத்தத்தான் முடியும்.

சண்டை போடாதவர்களும் சந்தோஷப்பட வேண்டாம். "எனக்கு எதுவாயிருந்தாலும் ஓகே" என்று இருபது வருடம் சொல்லிவிட்டு, ஒரு நாள் சாம்பாரில் உப்பு கூடியதற்குத் தட்டைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அப்புறம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். ஒருவர் பார்க்க வேண்டும் என்று "நம்பினவங்கதான் முதுகில் குத்துறாங்க" என்று போடுவது. யாருக்காகப் போட்டீர்களோ அவர் பார்க்க மாட்டார். சம்பந்தமே இல்லாத சித்தி போன் பண்ணி, "என்னைத்தானே சொன்ன?" என்று அழுவார். அதைத் தீர்ப்பதற்கு இன்னொரு நாள் என்னிடம் வருவீர்கள்.

என்ன செய்யலாம் என்றால், முதலில் எழுதுங்கள். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம், மனதை உறுத்திய விஷயத்தை எழுத வைத்தார். எழுதி முடித்த கையோடு அவர்களுக்குப் பாரமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. எனவே முதல் நாளே "எழுதினா இன்னும் மோசமா இருக்கு" என்று எனக்கு வாய்ஸ் மெசேஜ் போட வேண்டாம். எழுத்துப் பிழை பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்ட வேண்டாம், கிழித்தும் போடலாம். எழுத எழுத மனசு தாங்காமல் போனால் நிறுத்திவிடுங்கள். அதைத் தனியாகச் செய்ய வேண்டியதில்லை.

பேச வேண்டியதை விசேஷ வீட்டில் பேசாதீர்கள். பந்தி நடக்கும்போது வேண்டவே வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு, "எனக்கு" என்று ஆரம்பித்து, ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். 2009 கல்யாணத்தில் நடந்ததை அதோடு சேர்க்காதீர்கள். வாயில் குடித்த வாசனையோடு அறவே பேசாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் சரியில்லை, எதிலும் பிடிப்பில்லை, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறீர்கள் என்றால், அது குணம் இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம். ஆண்களிடம் அது பலமுறை கோபமாகத்தான் தலைகாட்டும். மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416-ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. காசு இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் போல இருக்கிறது என்றால் இன்றைக்கே அழையுங்கள். தயவுசெய்து.

கடைசியாக ஒன்று. இந்தக் கட்டுரையை உங்கள் வீட்டுக்காரருக்கோ நாத்தனாருக்கோ அனுப்பி, "படிச்சுப் பாருங்க, உங்களுக்கே எழுதின மாதிரி இருக்கு" என்று போடாதீர்கள். அதுவும் ஸ்டேட்டஸ் போடுகிற வேலைதான்.