கடினமான குழந்தைப் பருவத்துக்குப் பிறகு: நீண்டகாலத் திட்டத்தை எங்கே தொடங்குவது?

"இன்னும் பத்து வருடத்தில் எப்படி இருக்க ஆசைப்படுகிறீர்கள்?" அடி, குடி, ஓயாத சண்டை, புறக்கணிப்பு, பாலியல் துன்புறுத்தல் என்று ஏதோ ஒன்றின் நடுவே வளர்ந்த இருபது வயதுக்காரரிடம் இதைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு விதமான பதில்களில் ஒன்று வரும். ஒன்று, "அவ்வளவு தூரம் யோசித்ததே இல்லை. அதுவரை இருப்பேனா என்றே தெரியாது." மற்றது, மூச்சு முட்டும் அட்டவணை: 25-க்குள் இது, 28-க்குள் அது, 30-க்குள் எல்லாம். அதில் காய்ச்சலில் படுக்க ஒரு நாள்கூட ஒதுக்கியிருக்காது. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றே. சாயங்காலம் வீட்டில் என்ன நடக்கும் என்று காலையில் சொல்ல முடியாத இடத்தில் வளர்ந்தவருக்கு நாளையை நம்பிப் பழக்கமில்லை.

இந்த உணர்வு மருத்துவத்துக்குப் புதிதல்ல. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டி.எஸ்.எம். நான்காம் பதிப்பு (1994), அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறின் அறிகுறிகளில் ஒன்றாக இதைக் குறிப்பிட்டது: வேலை, திருமணம், குழந்தைகள், இயல்பான ஆயுள் எதுவும் தனக்கு வாய்க்காது என்ற எண்ணம், அதாவது எதிர்காலமே குறுகிப்போன உணர்வு. சுற்றியிருப்பவர்கள் இதற்குச் சோம்பல், பொறுப்பின்மை என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். காலப்போக்கில் அவரும் அதையே நம்பத் தொடங்குகிறார்.

அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் 28 சிறு குழந்தைகளிடம் நடத்திய ஒரு சோதனை 2013-இல் வெளியானது. முதலில் படம் வரைய நல்ல பொருட்கள் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மீதிப் பேருக்கு, "மன்னிக்கவும், இல்லை" என்று கைவிரித்தார்கள். பிறகு எல்லோருக்கும் ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய் கொடுத்து, 15 நிமிடம் தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று கிடைக்கும் என்றார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட 14 பேரில் 9 பேர் கடைசிவரை காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்ட 14 பேரில் காத்திருந்தது ஒரே ஒருவர். ஏமாற்றம் ஒரு சில நிமிடச் சமாச்சாரம்தான், அதற்கே இவ்வளவு வித்தியாசம். பதினெட்டு வருடம் அப்படி வளர்ந்தவர் கிடைத்ததை உடனே எடுத்துக்கொள்வது, அந்த வீட்டைப் பொறுத்தவரை சரியான கணக்குதான். வீடு மாறிய பிறகும் கணக்கு மாறாமல் இருப்பதுதான் சிக்கல். "இலக்கைப் பெரிதாக வை, மன உறுதியோடு இரு" என்ற வழக்கமான அறிவுரை இங்கே வேலை செய்யாததற்கும் இதுவே காரணம். சொன்னது நடக்கும் என்ற அனுபவத்தை முதலில் சேர்க்க வேண்டும். தூரத்து இலக்குகள் அதற்குப் பிறகு.

அதற்கு முன் ஒரு கேள்வி: ஆபத்து முடிந்துவிட்டதா? இன்னும் அந்த வீட்டிலேயே இருந்து அடியோ மிரட்டலோ தொடர்கிறது என்றால், ஐந்தாண்டுத் திட்டம் எழுதும் நேரம் இதுவல்ல. பத்திரமாக வெளியேறுவதற்கான திட்டம்தான் இப்போது வேண்டும். கல்விச் சான்றிதழ்கள், அடையாள ஆவணங்கள் ஆகியவற்றின் அசல்களை நம்பகமான ஒருவரிடம் சேர்த்து, நகல்களை இணையத்தில் தனியாகச் சேமியுங்கள். மின்னஞ்சல், வங்கிக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும்போது, அவற்றை மீட்கக் கொடுத்த தொலைபேசி எண் யாருடையது என்றும் பாருங்கள். பலருக்கு அது பெற்றோர் எண்ணாகவே இருக்கும். கிளம்பும் தேதியைக் கோபத்தில் அறிவித்துவிடாதீர்கள். கட்டுப்படுத்திப் பழகியவர்களின் வன்முறை, பிடி நழுவும் நேரத்தில்தான் கூடுகிறது.

இரண்டு வாரம், மூன்று மாதம், ஒரு வருடம்

முதல் கட்டம் இரண்டு வாரம். தாளில் மூன்றே மூன்று வாக்குறுதிகள். மிக மோசமான நாளில்கூடச் செய்ய முடிகிற அளவுக்கு அவை சிறியவையாக இருக்க வேண்டும்: தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுவது, அன்றைய செலவை எழுதிவைப்பது, கால் மணி நேரம் நடப்பது. 14 நாளில் 10 நாள் நடந்தால் தேறியாயிற்று. 14-க்கு 14 என்று வைக்காததற்குக் காரணம் உண்டு. ஒரு சின்னத் தவறுக்கும் பெரிய தண்டனை கிடைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, ஒரு நாள் விட்டுப்போனால் "எல்லாம் போச்சு" என்று தோன்றும். தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். நான்கு நாள் தவறலாம் என்று முன்கூட்டியே எழுதிவைத்தால் அந்தத் தவறும் திட்டத்துக்குள் அடங்கிவிடும்.

7 நாளுக்கும் குறைவாக நடந்திருந்தால், அதே வாக்குறுதியை இன்னும் கண்டிப்போடு தொடராதீர்கள். பாதியாக வெட்டுங்கள். கால் மணி நேர நடை, வாசல்வரை போய்வருவதாகச் சுருங்கினாலும் சரி.

இப்படி மூன்று சுற்று தேறிய பிறகு மூன்று மாதக் கட்டம். உடம்பு, பணம், திறமை ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வேலை. அடுத்தது ஒரு வருடம். அதில் ஒரே ஒரு பெரிய மாற்றம்தான். படிப்பை முடிப்பது, வேலை மாறுவது, தனியாக வீடு எடுப்பது மூன்றையும் ஒரே வருடத்தில் அடைத்தால், ஒன்று சரியும்போது மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஐந்து வருடக் கட்டத்தில் தேதிகள் வேண்டாம். பதிலாக ஒரு பயிற்சி: ஐந்து வருடம் கழித்து வரும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், பக்கத்து அறையில் யார், வேலை முடிந்து எங்கே போகிறீர்கள், இரவில் கதவைப் பூட்டிய பிறகு மனம் எப்படி இருக்கிறது. பட்டமளிப்பு, பதவி உயர்வு, புது வீட்டுச் சாவி என்று பெரிய நாட்களைப் பலரும் சுலபமாக எழுதிவிடுகிறார்கள். எதுவும் நடக்காத ஒரு நாளை எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடுகிறது. அப்படி ஒரு நாளை அவர்கள் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் நீண்டகாலத் திட்டம் உண்மையில் உருவாக்க வேண்டியது அந்த நாளைத்தான். எந்த வேலை, எந்த ஊர், யாரோடு என்ற முடிவுகளையெல்லாம், அது இந்தச் செவ்வாய்க்கிழமைக்கு அருகே கொண்டுபோகிறதா என்று உரசிப் பார்க்கலாம்.

திட்டம் உடையும் இடங்களும் ஓரளவு முன்பே தெரிந்தவைதான். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விளக்கிய 'இப்படி நடந்தால், இதைச் செய்வேன்' என்ற முறை இங்கே நன்றாகக் கைகொடுக்கும். "இனி கோபப்பட மாட்டேன்" என்பதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. "வீட்டிலிருந்து வரும் அழைப்பில் குரல் உயர்ந்தால், 'அப்புறம் பேசுகிறேன்' என்று வைத்துவிடுவேன், அன்று எந்த முடிவும் எடுக்க மாட்டேன்" என்பதில் எப்போது, என்ன செய்வது இரண்டும் இருக்கின்றன. வேலையை விடுவது, உறவை முறிப்பது, கடன் கொடுப்பது மூன்றுக்கும் 48 மணி நேரத் தாமதம் என்று ஒரு பொதுவிதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இரவு தூங்கி எழுந்த பிறகும் அதே முடிவு நின்றால், அது உங்கள் முடிவு.

பணம்

அதிகம் சறுக்கும் இடம் இது. சேர்த்துவைத்ததைப் பெரியவர்கள் பிடுங்கிக்கொண்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் கையில் பணம் நின்றாலே பதற்றம் வரும்; சம்பளம் வந்த வாரத்திலேயே கரைந்துவிடும். வேறு சிலர் மருத்துவரிடம் போகக்கூடச் செலவழிக்காமல் பூட்டிவைப்பார்கள். இரு சாராருக்கும் மருந்து ஒன்றே: ஒவ்வொரு மாதமும் முடிவெடுக்கத் தேவையில்லாத ஏற்பாடு. சம்பளம் வரும் நாளிலேயே ஒரு தொகை தானாக வேறு கணக்குக்குப் போகட்டும். அந்தக் கணக்குக்கு அட்டை வேண்டாம், கூட்டுக் கணக்காகவும் வேண்டாம், அதைப் பற்றி வீட்டில் பேசவும் வேண்டாம். முதல் இலக்கு ஒரு மாத அத்தியாவசியச் செலவு. அப்புறம் மூன்று மாதம். நிதானமாக ஆறு மாதம். மோசமான வீட்டுக்கோ மோசமான உறவுக்கோ திரும்பிப் போகிறவர்களில் பலர் விரும்பிப் போவதில்லை. அடுத்த மாத வாடகைக்கு வழியில்லாமல் போகிறார்கள். அதனால் இந்தச் சேமிப்பை நான் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன்.

குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்தால், மாதத்துக்கு இவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே நிர்ணயித்துவிடுங்கள். தீர்ந்ததும், "இந்த மாதம் முடிந்தது, அடுத்த மாதம் பார்க்கலாம்" என்பதே பதில். காரணம் விளக்கத் தொடங்கினால் பேரம் தொடங்கிவிடும். யாருடைய கடனுக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். இதற்கு விதிவிலக்குக் கிடையாது.

வேலை, உறவு, உடம்பு

வேலை விஷயத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். பரபரப்பில் வளர்ந்தவருக்கு அமைதியான அலுவலகம் சலிப்பாகத் தெரியும். கத்துகிற மேலதிகாரியும் கடைசி நிமிட நெருக்கடிகளும் உள்ள இடம் 'உயிரோட்டமாக' இருக்கும். சலிப்பு வந்ததும் வேலையை மாற்றிவிடாமல் ஆறு மாதம் இருந்து பாருங்கள். பழக்கமில்லாத அமைதியும் ஆரம்பத்தில் சலிப்பு மாதிரிதான் இருக்கும். உறவுகளுக்கும் இது பொருந்தும். வீட்டை விட்டு வெளியேறும் கதவாகத் திருமணத்தைப் பயன்படுத்துவது இன்னொரு பெரிய ஆபத்து: ஆறு மாதம் சொந்தச் செலவில் தனியாகவோ நண்பர்களோடோ வாழ்ந்து பார்த்த பிறகு எடுக்கும் முடிவின் தரமே வேறு.

உடம்பைப் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. 1998-இல் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் வெளியிட்ட 'ஏஸ்' ஆய்வு, குழந்தைப் பருவத் துன்பங்களின் எண்ணிக்கை கூடக்கூட இதயநோய், மனச்சோர்வு, போதைப்பழக்கம் போன்றவற்றின் வாய்ப்பும் கூடுவதைக் காட்டியது. அதன் 10 கேள்விகள் இணையத்தில் சுற்றுகின்றன. மதிப்பெண் போட்டுப் பார்த்துவிட்டு "என் ஆயுள் இவ்வளவுதான்" என்று முடிவுகட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மதிப்பெண் பெருந்திரளான மக்களைப் பற்றியது. தனி ஒருவரின் எதிர்காலத்தைக் கணிக்க அதைப் பயன்படுத்தக்கூடாது என்று ஆண்டாவே 2020-இல் எழுதியிருக்கிறார். அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நடைமுறை எச்சரிக்கை மட்டும்: வருடம் ஒருமுறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள், புறக்கணிப்பில் வளர்ந்திருந்தால் பல் மருத்துவரிடம் கட்டாயம் போங்கள், குடும்பத்தில் குடிப்பழக்கம் இருந்தால் தூக்கத்துக்காகக் குடிக்கத் தொடங்காதீர்கள்.

"நானும் அவர்களைப் போல ஆகிவிடுவேனோ, பிள்ளையே வேண்டாம்" என்ற பயத்தையும் அடிக்கடி கேட்கிறோம். அமெரிக்க உளவியலாளர் கேத்தி விடம் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், துன்புறுத்தப்பட்டோ புறக்கணிக்கப்பட்டோ வளர்ந்தவர்களில் 26% பேர் சிறார் பருவத்தில் கைதாகியிருந்தார்கள். அப்படி வளராதவர்களில் 17%. ஆபத்து கூடுவது உண்மை. நாலில் மூன்று பேர் சிறார் பருவத்தில் கைதாகவே இல்லை என்பதும் உண்மை. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கடும் சூழலில் வளர்ந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் நன்றாகவே தலையெடுத்திருந்தார். பதின்ம வயதில் தடுமாறியவர்களிலும் பெரும்பாலோர் முப்பது, நாற்பது வயதுக்குள் நிலைபெற்றிருந்தார்கள். பெரியவர்களான பின் தொடர்ந்த படிப்பு, நிதானமான துணை, ஏதோ ஒரு சமூகத்தோடு ஒட்டுதல் ஆகியவை அதற்கு உதவியிருந்தன. திட்டத்தில் ஆட்களுக்கும் இடம் வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துவது இதனால்தான்: இரவில் அழைக்கக்கூடிய ஒருவர், வேலை பற்றிக் கேட்க ஒருவர், வாரம் ஒருமுறை போகக்கூடிய ஓர் இடம். எல்லாவற்றையும் ஒரே ஆள்மீது ஏற்றினால் அவரும் தாங்க மாட்டார்.

எல்லாம் சரியான பிறகு வரும் சரிவு

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வேலை கிடைத்து, தனி வீடு கிடைத்து, சேமிப்பும் சேர்ந்த பிறகு கெட்ட கனவுகள் தொடங்கும். காரணமில்லாமல் அழுகை வரும். காலையில் எழ முடியாது. "கஷ்டத்திலேயே தாங்கினேனே, இப்போது என்ன வந்தது?" என்று குழம்பிப் போவார்கள். தப்பிப் பிழைப்பதே வேலையாக இருந்தவரை ஒத்திப்போட்டதெல்லாம், பாதுகாப்பு வந்ததும் வெளியே வருகிறது. இந்த நேரத்தில் வேலையை விடுவதோ ஊரை மாற்றுவதோ வேண்டாம். திட்டத்தை இரண்டு வாரக் கட்டத்துக்கு இறக்கிக்கொண்டு, மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். உயிரை விடும் எண்ணம் தலைகாட்டினால் முன்பதிவுக்குக் காத்திருக்காமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், அல்லது உதவி எண்ணை அழையுங்கள்.

சிகிச்சை உண்டு. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, கண் அசைவுகளைப் பயன்படுத்தி அதிர்ச்சி நினைவுகளைக் கையாளும் இ.எம்.டி.ஆர். சிகிச்சை இரண்டையும் உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. நீண்டகாலத் துன்பத்தின் விளைவான சிக்கலான அதிர்ச்சிக் கோளாறு, 2022-இல் நடைமுறைக்கு வந்த, அதே நிறுவனத்தின் ஐ.சி.டி-11 என்ற நோய் வகைப்பாட்டில் தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. இந்த இரண்டு சிகிச்சைகளில் எதில் பயிற்சி பெற்றிருக்கிறார் என்று சிகிச்சை தருபவரிடம் நேரடியாகக் கேட்கலாம். நல்லவர்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதல் நாளே முழுக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை. தூக்கம், சாப்பாடு, எதைப் பார்த்தால் உடம்பு நடுங்குகிறது, எந்த இடத்தில் திட்டம் திரும்பத் திரும்ப உடைகிறது என்ற நான்கைச் சொன்னாலே தொடங்கிவிடலாம். நாலைந்து அமர்வுக்குப் பிறகும் எதை நோக்கிப் போகிறோம் என்று புரியாவிட்டால் அதையும் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் வேறு ஒருவரிடம் மாறலாம்.