சேற்றுப்புண் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

தொடையிடுக்கில் அரிப்பு என்று வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, "சாக்ஸைக் கழற்றுங்கள்" என்பதுதான். பலருக்கு அது புரிவதில்லை. அரிப்பு எங்கேயோ இருக்க, டாக்டர் காலைப் பார்க்கிறாரே என்று தயங்குவார்கள். கழற்றினால் அடிக்கடி நான் பார்ப்பது இது: சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவே தோல் வெளுத்து, ஊறி, ஓரங்களில் உரிந்து நிற்கும். விரலை மெல்ல விரித்தால் அடியில் சிவப்பாக ஒரு வெடிப்பு. "அது சேற்றுப்புண் டாக்டர், எப்பவும் இருக்கிறதுதான். அதுக்காக வரலை" என்பார்கள்.

ஆனால் தொடையில் படர்ந்திருப்பது அங்கிருந்து போனதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஜட்டி போடும்போது கால் அதன் வழியாகத்தான் நுழைகிறது. விரலிடுக்கில் உரிந்த தோல் துணியில் ஒட்டி, நேராக இடுப்புக்குப் போய்விடுகிறது. அதனால் காலில் தொற்று இருப்பவர்கள் முதலில் சாக்ஸ், பிறகு உள்ளாடை என்று வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். கையால் சொறிந்துவிட்டு வேறு இடத்தைத் தொட்டாலும் அதே கதைதான்.

இதைச் செய்வது பூஞ்சை. பெரும்பாலும் டிரைக்கோபைட்டான் ரூப்ரம் என்ற வகை. நம் தோலின் மேலடுக்கிலும் நகத்திலும் முடியிலும் இருக்கும் கெரட்டின் என்ற புரதம்தான் அதற்கு உணவு. சந்தேகம் இருந்தால் உரியும் தோலின் ஓரத்தைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்போம். தோல் செல்கள் கரைந்து தெளிய, அவற்றின் குறுக்கே கிளைவிட்டு ஓடும் மெல்லிய இழைகள் தெரியும். வலி இல்லாத, சில நிமிடங்களில் முடிகிற சோதனை.

பரவுவது எப்படி என்பதை விளங்கிக்கொள்ள அந்தத் தோல் துகளைத்தான் மனதில் வைக்க வேண்டும். தொற்று உள்ளவர் வெறுங்காலோடு நடக்கும் இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிர்கின்றன. அவற்றில் இருக்கும் பூஞ்சை வித்துகள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பொதுக் குளியலறை, நீச்சல் குளத்தின் ஓரம், உடை மாற்றும் அறை, உடற்பயிற்சிக் கூடத்து விரிப்பு, விடுதி அறையின் மிதியடி என ஈரக்கால்கள் பல வந்துபோகும் எந்தத் தரையும் இதற்குத் தோது. வீட்டுக் குளியலறையும் இதில் சேர்த்திதான். ஒருவருக்கு நெடுநாளாகத் தொற்று இருக்கும் வீட்டில் மற்றவருக்கும் அது வருவதை வழக்கமாகப் பார்க்கிறோம்.

இவ்வளவு இருந்தும், மிதித்த எல்லோருக்கும் தொற்று வருவதில்லை. உலர்ந்த, கீறலில்லாத தோலில் வித்து ஒட்டினாலும் அது வேர்விட நேரம் பிடிக்கும். அதற்குள் காலைக் கழுவித் துடைத்துவிட்டால் போய்விடும். அதற்கு வாய்ப்புக் கொடுப்பது ஈரம். நான்காம், ஐந்தாம் விரல்களின் இடுக்கு மற்ற எல்லாவற்றையும்விட நெருக்கமானது, காற்றே புகாது. அதனால்தான் பெரும்பாலும் அங்கே தொடங்குகிறது. நாள் முழுக்க மூடிய ஷூவில் நிற்கிறவர்கள், ஓட்டப் பயிற்சி செய்கிறவர்கள், ரப்பர் பூட்ஸ் போட்டு வேலை செய்கிறவர்கள், கால் அதிகம் வியர்ப்பவர்கள் அடிக்கடி வருவதற்கும் அதுதான் காரணம். சுத்தமில்லாதவர்களுக்கு வரும் நோய் என்று இதை நினைத்து வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு முறை குளித்தும் விரலிடுக்கைத் துடைக்காமல் ஷூ மாட்டுகிறவருக்கு இது தாராளமாக வரும்.

ஆகவே தடுப்பின் முக்கால்வாசி, துடைப்பதில் இருக்கிறது. குளித்தபின் ஒவ்வொரு விரலையும் பிரித்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்த்தால் ஊறிய தோல் கிழியும். காலுக்குத் தனித் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். அதை வேறு யாரும் தொடக் கூடாது. சாக்ஸைத் தினமும் மாற்ற வேண்டும், அதிகம் வியர்த்தால் நடுவிலும் ஒருமுறை. ஷூ இரண்டு ஜோடி இருப்பது நல்லது. ஒரு நாள் போட்டது முழுதாக உலர இன்னொரு நாளாவது வேண்டும். சாதாரண வெந்நீரில் துவைத்தால் வித்துகள் சாகும் என்று நம்ப முடியாது. சாக்ஸையும் துண்டையும் 60 டிகிரி செல்சியஸில் துவைப்பது பாதுகாப்பு. பொது இடத்துக் குளியலறையில் செருப்பைக் கழற்றாதீர்கள்.

இனி, வந்துவிட்டால். விரலிடுக்குத் தொற்றுக்கு மேற்பூச்சு மருந்தே பெரும்பாலும் போதும். டெர்பினஃபைன் களிம்பு ஓரிரு வாரம், குளோட்ரிமசோல் போன்றவை நான்கு வாரம் வரை தேவைப்படும். புண் தெரியும் இடத்தோடு நிறுத்தாமல் சுற்றிலும் சில சென்டிமீட்டர் சேர்த்துத் தடவ வேண்டும். ஆனால் நடப்பது என்ன? மூன்று நான்கு நாளில் அரிப்பு நின்றுவிடும், களிம்பு அலமாரிக்குப் போய்விடும். பூஞ்சையோ இன்னும் உயிரோடு இருக்கிறது. அரிப்பு நின்றதை ஆறியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொன்ன நாள் முடியும்வரை தடவுங்கள்.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. மருந்துக் கடையில் கேட்டோ, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தோ வாங்கிப் பூசுகிறார்கள். சிவப்பும் அரிப்பும் சட்டென்று அடங்கும், ஏனென்றால் ஸ்டீராய்டு உடலின் எதிர்ப்பை அமுக்கிவிடுகிறது. எதிர்ப்பு அமுங்கிய தோலில் பூஞ்சை தடையின்றிப் படரும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் திரும்பும். இந்தப் பூஞ்சை தோலில் வழக்கமாக உண்டாக்கும் வட்ட வடிவமே மாறிப்போய், பார்த்து அடையாளம் காண்பதே எங்களுக்குக் கடினமாகிவிடும். நெடுநாள் பூசினால் தோலும் மெலியும். மருத்துவர் எழுதித் தராமல் இதைத் தொடவே வேண்டாம்.

முழுசாக மருந்து போட்டும் திரும்புகிறது என்றால் நான் நகத்தைப் பார்ப்பேன். தடித்து, மஞ்சளாகி, விளிம்பில் பொடிப்பொடியாக உதிரும் நகத்துக்குள் அதே பூஞ்சை குடியிருக்கக்கூடும். களிம்பு அதனுள் இறங்காது. பரிசோதித்து உறுதி செய்துகொண்டு, மாத்திரையாகப் பல வாரம் கொடுக்க வேண்டியிருக்கும். கால் பெருவிரல் நகம் புதிதாக முழுவதும் வளர ஒரு வருடத்துக்கு மேலேயே ஆகும். உள்ளங்கால் முழுக்க வறண்டு, மாவு படிந்தது போல வெள்ளைச் செதிலாக இருப்பதையும் பலர் வெறும் வறட்சி என்று எண்ணி எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அரிப்பு அதிகம் இருக்காது என்பதால் சந்தேகமும் வராது. இரண்டு காலோடு ஒரு உள்ளங்கையும் அப்படி உரிந்தால் கட்டாயம் காட்டுங்கள். வீட்டில் வேறு யாருக்கேனும் இருந்தால் அவருக்கும் சேர்த்துச் சிகிச்சை கொடுத்தால்தான் சுற்று நிற்கும்.

விரலிடுக்கில் உரிவதெல்லாம் பூஞ்சையும் அல்ல. பாக்டீரியா, எக்ஸிமா என்ற தோல் அழற்சி, ஷூவின் ரப்பரும் பசையும் தரும் ஒவ்வாமை எல்லாம் இதே வேஷத்தில் வரும். நான்கு வாரத்தில் மாற்றமில்லை என்றால் களிம்பை மாற்றி மாற்றிப் பார்க்காமல் சோதித்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், கால் வீக்கம் நெடுநாளாக இருப்பவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அந்தச் சின்ன வெடிப்பு வழியாகத்தான் பாக்டீரியா உள்ளே போய், கால் முழுக்கச் சிவந்து வீங்கும் செல்லுலைடிஸ் உண்டாகிறது. காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிக்கு வெடிப்பு வலிக்காது. இவர்கள் தினமும் ஒருமுறை ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்துப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்களுக்கு வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்லலாம். சிவப்பு மேலே ஏறுகிறது, கால் சூடாக இருக்கிறது, காய்ச்சல் வருகிறது என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.