பல்கலைக்கழக ஆட்சிமன்ற உறுப்பினர்கள்: தன்விவரக் குறிப்பில் தெரியாத தகுதிகள்

அண்மையில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆட்சிமன்றத்தை மதிப்பாய்வு செய்யும் பணியில் ஈடுபட்டிருந்தேன். 18 உறுப்பினர்கள் கொண்ட அந்த மன்றத்தில், உறுப்பினர்களின் திறன்களைப் பட்டியலிடும் திறன் அட்டவணையின் ‘நிதி மேற்பார்வை’ என்ற கட்டத்தில் 14 பேர் தமக்குத் தாமே ஐந்துக்கு நான்கோ ஐந்தோ மதிப்பெண் இட்டிருந்தனர். பிறகு இரண்டு ஆண்டுகளின் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளை வரிசையாகப் படித்தேன். ஒவ்வொரு கூட்டத்திலும் நிதியறிக்கை வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் ‘மன்றம் குறித்துக்கொண்டது’ என்ற ஒரே வரியோடு அந்தப் பொருள் முடிந்திருந்தது. ஒரு கேள்விகூடப் பதிவாகவில்லை. உறுப்பினர்களைத் தனித்தனியாகச் சந்தித்தபோது எல்லோரிடமும் ஒன்றையே கேட்டேன்: புதிய வருவாய் எதுவும் வராவிட்டால், கையிருப்பைக் கொண்டு எத்தனை மாதங்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியும்? அதற்கான விடை அவர்களுக்கு அனுப்பப்பட்டிருந்த ஆவணத்தின் நான்காம் பக்கத்திலேயே இருந்தது. மூன்று பேர் மட்டுமே சொன்னார்கள்.

இது முதல் முறையாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். பெயர்களும் கட்டடங்களும் மாறுகின்றனவே தவிர, நான் காணும் காட்சி மாறுவதில்லை. அட்டவணை நிறைந்திருக்கும், மன்றத்தில் மதிப்புக்குரிய பெயர்கள் நிறைந்திருக்கும், மேற்பார்வை மட்டும் நடந்திருக்காது. அதன் விலையை உறுப்பினர்கள் கொடுப்பதில்லை. பாடப்பிரிவு மூடப்பட்ட மாணவரும் வேலையிழந்த விரிவுரையாளரும்தான் கொடுக்கிறார்கள் என்பதால் எனக்கு இதில் பொறுமை குறைந்துகொண்டே வருகிறது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே ஒரு தவறான நம்பிக்கை: தம் துறையில் உயர்ந்தவர் ஆட்சிமன்றத்திலும் சிறந்த உறுப்பினராக இருப்பார் என்பது. இதை மறுத்துச் சொல்லும்போதெல்லாம், ‘இத்தனை பெரிய நிறுவனத்தை நடத்தியவருக்கு ஒரு பல்கலைக்கழகத்தை மேற்பார்வையிடத் தெரியாதா?’ என்ற பதில் வருகிறது. நடத்துவது வேறு, மேற்பார்வையிடுவது வேறு. நிறுவனத் தலைவர் ஆணையிட்டுப் பழகியவர். அவர் சொன்னால் மறுநாள் காரியம் நடக்கும். ஆட்சிமன்ற உறுப்பினருக்கோ தனியாக எந்த அதிகாரமும் கிடையாது. முறைப்படி கூட்டப்பட்ட கூட்டத்தில் மன்றம் கூட்டாக எடுக்கும் முடிவுக்கு மட்டுமே அதிகாரம் உண்டு. கூட்டம் முடிந்து வெளியே வந்தவுடன் அவர் ஒரு தனிமனிதர்தான். இந்த வேறுபாட்டை மனதார ஏற்காதவர், பதவியேற்ற மூன்றாம் மாதத்திலேயே துறைத் தலைவரைத் தொலைபேசியில் அழைத்து ஒரு நியமனத்தைப் பற்றி விசாரிப்பார். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. வாழ்நாள் முழுவதும் அவரை உயர்த்திய பழக்கம்தான் அவரை அப்படிச் செய்யவைக்கிறது.

நீதித்துறையிலிருந்து வருபவர் இரு தரப்பும் வாதத்தை முன்வைக்கும் வரை காத்திருந்து பழகியவர். ஆட்சிமன்றத்திலோ பெரும்பாலும் நிர்வாகத்தின் தரப்பு மட்டுமே காகிதத்தில் வரும், மறுதரப்பை உறுப்பினரே கேள்வி கேட்டு வெளிக்கொணர வேண்டும். புகழ்பெற்ற ஆய்வாளர் தம் துறையின் நுட்பத்தில் தேர்ந்தவர். அந்தத் துறையின் நலனையும் பல்கலைக்கழகத்தின் நலனையும் பிரித்துப் பார்க்க அவர் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். இவர்களில் யாரும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் ஈட்டிய உயர்வு, இந்தப் பணிக்கான தகுதிக்குச் சான்று ஆகாது என்றுதான் சொல்கிறேன். அதைத் தனியாகச் சோதித்தறிய வேண்டும்.

வல்லுநர் ஒருவரை அமர்த்தியதால் பிறர் வாய் மூடிக்கொள்வது இதனினும் நுட்பமான தீங்கு. பட்டயக் கணக்காளர் ஒருவர் உறுப்பினராக இருந்தால், நிதி குறித்த பொருள் வந்தவுடன் எல்லோர் பார்வையும் அவர் பக்கம் திரும்புகிறது. அவர் தலையசைத்தால் அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறார்கள். பொறுப்பு மன்றம் முழுவதற்கும் உரியது என்பதால் ‘அவர் பார்த்திருப்பார்’ என்பது எந்த உறுப்பினருக்கும் காப்பாகாது. ஆகவே திறன்களை மதிப்பிடும்போது இரண்டு அடுக்குகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும்: மன்றத்தில் சிலரிடம் இருந்தால் போதுமான ஆழ்ந்த வல்லமைகள் ஒருபுறம், விதிவிலக்கின்றி ஒவ்வொருவரிடமும் இருந்தே ஆக வேண்டிய அடிப்படைகள் மறுபுறம். ஆஸ்திரேலியாவில் 2003இல் அரசு மானிய உயர்வோடு இணைத்துக் கொண்டுவரப்பட்ட தேசிய ஆளுகை நெறிமுறைகள், மன்றத்தில் 22 பேருக்கு மேல் இருக்கக்கூடாது, வெளியிலிருந்து வரும் சார்பற்ற உறுப்பினர்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும், குறைந்தது இருவருக்கு நிதி வல்லமையும் ஒருவருக்கு வணிக வல்லமையும் இருக்க வேண்டும் என்றன. முதல் அடுக்குக்கு அது நல்ல தொடக்கம். ஆனால் அத்தகைய விதியைப் பின்பற்றும் மன்றங்கள் பலவும் அந்த மூன்று பேரை நிரப்பியதோடு வேலை முடிந்ததாகக் கருதிவிடுகின்றன. இரண்டாம் அடுக்கை யாரும் தொடுவதே இல்லை.

அந்த இரண்டாம் அடுக்கில் முதலாவது, கணக்கைப் படிக்கத் தெரிவது. ஆண்டுக்கணக்கில் உபரி காட்டும் பல்கலைக்கழகத்திலும் பணம் வற்றலாம். குறிப்பிட்ட ஆய்வுக்கென வந்த மானியத்தையும் நிபந்தனையுள்ள அறக்கொடையையும் சம்பளத்துக்கு எடுக்க முடியாது. எதிர்பார்த்த மாணவர் சேர்க்கை என்பது கையில் உள்ள வருவாய் அன்று. இவ்வளவு தெரிந்தால் போதும், கேட்க வேண்டிய கேள்விகள் தாமே வரும். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகம் சுமார் 3.5 கோடி பவுண்டுப் பற்றாக்குறையில் சிக்கி, நூற்றுக்கணக்கான பணியிடங்களைக் குறைக்க நேரிட்ட நிலையில், பேராசிரியர் பமீலா கில்லிஸ் தலைமையில் விசாரணை நடந்தது. 2025 ஜூனில் வெளியான அதன் அறிக்கை, நிர்வாகத்தின் தவறுகளோடு ஆட்சிமன்றத்தின் நிதி மேற்பார்வைக் குறைபாட்டையும், எதிர்க்கேள்வி கேட்பதை ஊக்கப்படுத்தாத சூழலையும் சுட்டிக்காட்டியது. அந்த இரண்டாவது காரணத்தை அடிக்கோடிட்டுப் படிக்குமாறு நான் சந்திக்கும் மன்றங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கணக்கைப் படிக்கத் தெரிந்தும் கேட்கத் துணியாதவர், படிக்கத் தெரியாதவரைவிடப் பயனுள்ளவர் அல்லர்.

இரண்டாவது, கல்வித் தரத்தைப் பற்றிக் கேட்கத் தெரிவது. பல்கலைக்கழகம் இருப்பதே அதற்காக என்றாலும், மிக அதிகமாகப் புறக்கணிக்கப்படுவதும் அதுவே. ‘அது கல்விப் பேரவையின் வேலை’ என்று வெளி உறுப்பினர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். பாடத்திட்டம் வகுப்பது கல்விப் பேரவையின் வேலைதான். அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று உறுதிபெற வேண்டியது ஆட்சிமன்றத்தின் வேலை. முதலாண்டு முடிவில் எந்தப் பாடப்பிரிவில் எத்தனை மாணவர்கள் விலகினார்கள், உயர்வகுப்பில் தேறியவர்களின் விகிதம் சில ஆண்டுகளில் ஏறியிருந்தால் கற்பித்தல் மேம்பட்டதாலா, மதிப்பீடு தளர்ந்ததாலா, ஆய்வு நேர்மை குறித்த புகார்கள் எத்தனை நாளில் முடிவுக்கு வந்தன என்று கேட்பதற்கு யாரும் பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை.

இந்தப் புரிதல் இல்லாத மன்றம் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 2012இல் நடந்ததை நான் பயிற்சிகளில் எடுத்துக்காட்டுவதுண்டு. அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவர் (நம் துணைவேந்தரைப் போன்றவர்) தெரேசா சல்லிவன், மன்றத் தலைமையின் வற்புறுத்தலால் பதவி விலகுவதாக ஜூன் 10ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. முழு மன்றமும் கூடி வாக்களித்து எடுத்த முடிவு அன்று அது. பேராசிரியர்களும் மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் எதிர்த்து எழுந்தனர். ஜூன் 26ஆம் தேதி அதே மன்றம் ஒருமனதாக அவரை மீண்டும் பதவியில் அமர்த்தியது. அந்த ஆண்டு டிசம்பரில் தரச்சான்று வழங்கும் அமைப்பு, மன்றத்தின் ஆளுகையைக் காரணம் காட்டிப் பல்கலைக்கழகத்துக்கு எச்சரிக்கையும் விடுத்தது. அந்த உறுப்பினர்கள் திறமையற்றவர்கள் அல்லர். தத்தம் தொழிலில் வென்றவர்கள். ஒரு கல்விச் சமூகத்தில் முடிவு எப்படி எடுக்கப்பட வேண்டும் என்பதை அறிந்திருந்தார்களா என்று எந்த அட்டவணையும் அவர்களைக் கேட்டிருக்காது.

பண்புகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பிரிட்டனில் பொதுப்பதவி வகிப்போரின் ஒழுக்கத்தை ஆராய்ந்த நோலன் குழு 1995இல் வகுத்த பொதுவாழ்வின் ஏழு நெறிகள் (தன்னலமின்மை, நேர்மை, நடுநிலை, பொறுப்புக்கூறல், வெளிப்படைத்தன்மை, உண்மையுடைமை, தலைமைப்பண்பு) உலகெங்கும் போதுமான அளவு சுவரில் ஒட்டப்பட்டுவிட்டன. அவற்றை யாரும் தம்மிடம் இல்லை என்று எழுதப்போவதில்லை என்பதால், படிவத்தில் கேட்டுப் பயனில்லை. நடத்தையில்தான் பார்க்க வேண்டும்: தம் உறவினரின் நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி அளித்திருக்கிறது என்பதைப் பிறர் கண்டுபிடிக்கும் முன் அவரே சொன்னாரா, விவாதத்தில் தோற்ற பின் மன்றத்தின் முடிவை வெளியில் தம் முடிவாக ஏற்றுப் பேசினாரா, அனுப்பிய ஆவணங்களைப் படித்துவிட்டு வருகிறாரா அல்லது உறையைக் கூட்டத்தில்தான் பிரிக்கிறாரா.

எனவே, தயவுசெய்து சுயமதிப்பெண்ணை நம்புவதை நிறுத்துங்கள். அது பேச்சைத் தொடங்க உதவும். அதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. என் அனுபவத்தில் உண்மையாகவே தெரிந்தவர் மூன்று போடுகிறார், தெரியாதவர் ஐந்து போடுகிறார். வேட்பாளரிடம் உண்மையான கூட்டத்துக்கு ஒத்த ஓர் ஆவணத்தைக் கொடுத்து, அதில் ஒரு முக்கியமான தகவலை வேண்டுமென்றே விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து ‘நீங்கள் கேட்க விரும்பும் மூன்று கேள்விகள் எவை?’ என்று கேளுங்கள். விடுபட்டதை அவர் கவனித்தாரா, கேள்வி அறிய விரும்பும் கேள்வியா, தம் அறிவைக் காட்டும் கேள்வியா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பரிந்துரைப்பவரிடம் ‘இவர் நல்லவரா?’ என்று கேட்காதீர்கள்; ‘ஒரு கூட்டத்தில் பிறர் சொன்னதைக் கேட்டு இவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டதைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?’ என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பின் வரும் மௌனத்தையும் நான் குறித்துக்கொள்வதுண்டு.

கடந்த ஆண்டின் உறுப்பினர்களைப் பார்த்து அட்டவணையை வரையாதீர்கள். அடுத்த ஐந்தாண்டில் பல்கலைக்கழகம் எடுக்கப்போகும் முடிவுகளைப் பார்த்து வரையுங்கள். காலியிடத்தை வெளிப்படையாக அறிவியுங்கள். மன்றத் தலைவரின் நண்பர் வட்டத்திலிருந்து நிரப்பாதீர்கள். பிரிட்டனில் உள்ளதுபோல் மூன்றாண்டுப் பதவிக்காலம் மூன்று முறை, அல்லது நான்காண்டுப் பதவிக்காலம் இரண்டு முறை என்ற வரம்பை வைத்துக்கொண்டு அதை மதியுங்கள். நியமித்த ஓராண்டில் மறுபடி மதிப்பிடுங்கள். வருகைப்பதிவைப் பங்களிப்பாகக் கணக்கிடாதீர்கள். மன்றத் தலைவரையும் மதிப்பிடுங்கள், அவரை அவரே மதிப்பிட விடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது வெளியாரைக் கொண்டு மன்றம் முழுவதையும் சோதியுங்கள். பிரிட்டனில் உயர்கல்வியை ஆராய்ந்த டியரிங் குழு 1997இலேயே ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்றது, 2020இல் வந்த அந்நாட்டு ஆளுகை விதித்தொகுப்பு மூன்றாண்டு என்கிறது.

தேர்தல் மூலம் வரும் ஆசிரியர், மாணவர் உறுப்பினர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களைத் தேர்ந்தெடுக்கும் முன் மன்றம் சோதிக்க முடியாது, சோதிக்கவும் கூடாது. ஆனால் தேர்வான பின் அவர்களும் தம்மைத் தேர்ந்தெடுத்தவர்களின் தூதர்கள் அல்லர். முழுப் பல்கலைக்கழகத்தின் நலனுக்கும் மற்றவர்களைப் போலவே கடமைப்பட்டவர்கள். இதை அவர்களுக்கு யாரும் விளக்குவதில்லை; பிறகு தொழிற்சங்கக் குரலில் பேசுகிறார் என்று குறைகூறி நிதிக் குழுவிலிருந்து விலக்கிவைக்கிறார்கள். வகுப்பறையில் நேற்று என்ன நடந்தது என்பது அந்த அறையில் பெரும்பாலும் இவர்களுக்கு மட்டுமே தெரியும். அந்த அறிவுக்கு உங்கள் அட்டவணையில் ஒரு கட்டம் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

அழைப்பு வந்து யோசித்துக்கொண்டிருப்பவருக்கு என் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. ஒப்புக்கொள்ளும் முன் கடந்த ஆறு கூட்டங்களின் ஆவணங்களையும் நடவடிக்கைக் குறிப்புகளையும், தணிக்கையாளர் நிர்வாகத்துக்கு எழுதிய கடைசிக் கடிதத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். மாணவர் உறுப்பினரோடு அரை மணி நேரம் பேசுங்கள். இரகசியம் காப்பதாக எழுதிக்கொடுத்த பிறகும் அவற்றைத் தரத் தயங்கினால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். படித்த பிறகு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன் இரண்டு முழு நாள்களை ஒதுக்க முடியாது என்று தோன்றினால், தயங்காமல் மறுத்துவிடுங்கள். அந்த இடத்துக்கு நேரமுள்ள வேறொருவரைத் தேட நியமனக் குழுவுக்கு அப்போதாவது வழி கிடைக்கும்.